பன்னிரண்டு நாள் வகுப்பிலும் பெயர் தெரிய வேண்டும்: பெரியவர்களுக்குக் கற்பிப்போருக்கான வழிமுறை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போய் வந்து, கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் பெரியவர்களுக்குக் கணினியில் கணக்கு எழுதும் வகுப்பை நான் எடுக்கத் தொடங்கிய முதல் மாதத்தில், வருகைப்பதிவேட்டில் இருந்த ஒரு பெயரை "மௌரௌகேன்" என்று வாசித்தேன். யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை வாசித்தபோது, பின்வரிசையில் இருந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மெதுவாக எழுந்து, "முருகன், சார்" என்றார். புதுச்சேரியில் பல குடும்பங்களின் ஆவணங்களில் உகர ஒலிக்கு ஓ, யூ என்னும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் பிரெஞ்சு வழக்கமும், பெயரின் ஈற்றில் ஒலிக்காத ஓர் ஈ எழுத்தைச் சேர்க்கும் வழக்கமும் இன்றுவரை நீடிக்கின்றன என்பது இருபது கிலோமீட்டர் தெற்கே பிறந்து வளர்ந்த எனக்கு அன்று தெரியாது. அந்தக் கூச்சத்தால் மீதமிருந்த பதினொரு நாள்களும் நான் அவரைப் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை. அவரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்காமலேயே வகுப்பை முடித்துச் சென்றார்.

அதன்பின் கடலூரிலும் புதுச்சேரியிலும் எடுத்த குறுகிய கால வகுப்புகளில் பெயர்களைக் கற்றுக்கொள்வதற்காக நான் கைக்கொண்டுவரும் முறையை இங்கே எழுதுகிறேன். தையல், மொழி, கணினி, எழுத்தறிவு, சுயதொழில் என்று எந்தப் பாடமாக இருந்தாலும், பத்து நாள் முதல் ஒரு மாதம் வரை பெரியவர்களுக்கு வகுப்பு எடுப்பவர்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

தேவைதானா என்ற கேள்வி

பெயர்களைக் கற்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும், பெரியவர்களுக்கு வேண்டியது பாடமே தவிர பாராட்டுச் சீராட்டு அன்று, முப்பது பெயர்களை மனத்தில் ஏற்றும் நேரத்தில் ஒரு பயிற்சியைக் கூடுதலாகச் செய்துவிடலாம் என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்வதுண்டு. இதைத் தள்ளிவிடக் கூடாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 24 பேர் உள்ள, நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் 12 மாலைகள் நடக்கும் வகுப்பின் மொத்த நேரம் 1,080 நிமிடங்கள். முதல் நாள் 10 நிமிடங்களும் அடுத்த 11 நாள்களில் நாளுக்கு 2 நிமிடங்களும் பெயர்களுக்காகச் செலவிட்டால் ஆகும் நேரம் 32 நிமிடங்கள், அதாவது மொத்தத்தில் சுமார் 3 விழுக்காடு. ஆனால் 40 பேர் வரும் ஒரே நாள் பயிற்சியில் ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டால், 5 மணி நேரத்தில் 40 நிமிடங்கள், அதாவது எட்டில் ஒரு பங்குக்கும் மேல், அதிலேயே கரைந்துவிடும். முதல் வகை வகுப்பில் பெயர்களைக் கற்கத்தான் வேண்டும் என்பதும், இரண்டாம் வகை வகுப்பில் மனப்பாடம் வேண்டாம், மேசைமேல் வைக்கும் பெயர் அட்டை போதும் என்பதும் என் உறுதியான கருத்து.

பெயர் தெரிந்தால் மாணவர் மகிழ்வார் என்பது உண்மையே என்றாலும், நான் முதலில் வைக்கும் காரணம் அதுவன்று. பெயர் இல்லாத ஒருவரின் தவறுகளை ஆசிரியரால் நினைவில் வைத்திருக்க முடியாது. பற்று வரவை மாற்றிப் போட்டவர் யார், கொள்முதல் பதிவில் தடுமாறியவர் யார், நேற்றுப் புரியாமல் தலையசைத்துவிட்டுப் போனவர் யார் என்பவையெல்லாம் ஒரு பெயரோடு கட்டி வைத்தால்தான் மறுநாள் கைக்கு வரும். இல்லையென்றால் "யாரோ ஒருவருக்குப் புரியவில்லை" என்ற மங்கலான நினைவு மட்டும் மிஞ்சும். பள்ளியில் ஓர் ஆண்டு முழுவதும் பிள்ளைகளைப் பார்ப்பதால் பெயர் பிந்தினாலும் ஈடுகட்டலாம். பன்னிரண்டு நாளில் அதற்கு வழியில்லை. வகுப்பு குறுகக் குறுகப் பெயர் விரைவில் தெரிந்தாக வேண்டும்.

அடுத்த காரணம், பெரியவர்கள் நின்றுவிடுவது. நாள் முழுவதும் கடையில் நின்று வேலை செய்துவிட்டு, வீட்டில் சோற்றை வடித்து வைத்துவிட்டு, லாஸ்பேட்டையிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ ஓடி வருபவர்கள் இவர்கள். இரண்டு நாள் வராமல் இருந்தால் கண்டிக்க இங்கே யாரும் இல்லை. மூன்றாம் நாள் வருவதற்கு அவர்களுக்கே வெட்கமாகிவிடும். "செல்வி அக்கா நேற்று வரவில்லையே, உடம்புக்கு ஏதாவதா?" என்று மறுநாள் பெயரைச் சொல்லிக் கேட்க ஆசிரியர் இருக்கிறார் என்பது தெரிந்தால், அந்த வெட்கத்தைத் தாண்டிப் பலர் திரும்பி வருகிறார்கள். என் வகுப்புகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சொந்தப் பெயருக்கு மனித மனம் தனியாகச் செவிசாய்க்கிறது என்பதும் ஆய்வில் தெரிந்த ஒன்றே. 1959இல் நெவில் மோரே என்ற உளவியலாளர், ஒரு காதில் கேட்பதை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லுமாறு பணித்துவிட்டு, கவனிக்க வேண்டாத மறு காதில் கேட்பவரின் பெயரை ஒலிக்கச் செய்தார். மறு காதில் வந்த வேறு சொற்களை அறவே உணராதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தம் பெயரை மட்டும் உணர்ந்தனர். மாலை ஏழரை மணிக்குக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பாடத்துக்குள் மென்மையாகத் திருப்பிக் கொண்டுவர இதைவிட நல்ல கருவி ஆசிரியரிடம் இல்லை.

எந்தப் பெயர் என்பதே முதல் பாடம்

பெயரை நினைவில் வைப்பதைவிட, எந்தப் பெயரை, அண்ணே, அக்கா, சார் போன்ற எந்த ஒட்டோடு சொல்வது என்பதுதான் நம் ஊரில் கடினமானது; எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பதிவேட்டில் உள்ள பெயர், ஆதாரில் உள்ள பெயர், வீட்டில் அழைக்கும் பெயர், வேலையிடத்தில் அழைக்கும் பெயர் ஆகிய நான்கும் ஒருவருக்கே வெவ்வேறாக இருப்பது இங்கே இயல்பு. பதிவேட்டில் தனலட்சுமி என்று இருப்பவரை நாற்பது ஆண்டுகளாக எல்லாரும் பாப்பா என்றே அழைத்திருக்கலாம். அவருக்குத் தனலட்சுமி என்று அழைத்தால் திரும்பிப் பார்க்கவே தோன்றாது. ஆனால் வகுப்பிலாவது தன்னைத் தனலட்சுமி என்று யாராவது அழைக்க வேண்டும் என்று அவர் விரும்பவும் கூடும். இதை நாமாக முடிவு செய்யக் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் "வகுப்பில் உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும், படிவம் நம் கையில் இல்லையென்றால் முதல் நாள் வாசலில் நின்று அதே கேள்வியை வாயால் கேட்கலாம்.

"முழுப்பெயர் என்ன?" என்று வகுப்பின் நடுவில் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே வைத்துக்கொள்கிறார்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெயரின் பின்னே சாதிப் பட்டத்தைப் போட்டுக்கொள்வதைக் கைவிடச் சொன்னதும், அதன்பின் அப்படிக் கைவிடும் பழக்கம் இங்கே பரவியதும் நாம் அறிந்தவை. இந்தப் பின்னணியில், இனிஷியலை விரித்துச் சொல்லச் சொல்வதோ பெயரின் பின்பகுதியைத் துருவுவதோ, கேட்பவர் எந்த எண்ணமும் இல்லாமல் கேட்டாலும், சாதியை விசாரிப்பதாகவே பலர் காதில் விழும். முன்பு அப்படிக் கேட்கப்பட்டுக் காயப்பட்டவர் நம் வகுப்பில் நிச்சயம் ஒருவராவது இருப்பார்.

புதுச்சேரியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. 1881ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையின்படி, சமயம் சாதி சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் தேர்ந்துகொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை தேர்ந்துகொண்ட லாபோர்த் என்ற பெயருக்குக் கதவு என்று பொருள். அப்படி வந்த குடும்பப் பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. ஒருவர் பெயரில் பிரெஞ்சுச் சொல் இருப்பதால் அவர் கிறித்தவர் என்றோ பிரான்சில் வாழ்ந்தவர் என்றோ நினைத்துக்கொண்டு பேசத் தொடங்குவது பிழையாக முடியலாம். அதே போல, எழுத்துக்கூட்டலைப் பார்த்து வாசிக்காமல், அவர் வாயால் சொல்லக் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு முறையில் எழுதப்பட்ட குமார், பழகாத கண்ணுக்குக் "கௌமார்" என்று தெரியும். தமிழில் குமார் என்று பக்கத்தில் எழுதிவிட்டால் எந்த ஊர் ஆசிரியரும் தடுமாற மாட்டார். பரங்கிப்பேட்டையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வரும் முஸ்லிம் பெயர்களுக்கும், கடற்கரை ஊர்களின் கிறித்தவப் பெயர்களுக்கும் இதுவே முறை. ஒருமுறை கேட்டு, திருப்பிச் சொல்லிக் காட்டி, "சரியாகச் சொன்னேனா?" என்று உறுதி செய்துகொள்வதில் எந்தக் குறைவும் இல்லை.

நாற்பது ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் வரும் வகுப்புகளில், அறிமுகத்தின்போது கணவர் பெயரைச் சொல்லச் சொல்லாதீர்கள். கணவர் பெயரை வாயால் சொல்லாத வழக்கத்தை இன்னும் காப்பவர்கள் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். சுய உதவிக் குழுப் பெண்களுக்கான ஒரு பயிற்சியில், நான் யோசிக்காமல் கேட்டுவிட, ஓர் அம்மா பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அவர்தான் அந்தப் பெயரைச் சொன்னார். தம்மைப் பற்றிச் சொல்ல எழுந்த அந்த அம்மா, தம் பெயரையே சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். கணவர் பெயர் வங்கிப் படிவத்துக்குத் தேவையென்றால் படிவத்தில் எழுதி வாங்கினால் போதும். நமக்கு வேண்டியது அவருடைய பெயர் மட்டுமே.

இனி ஒட்டு. தமிழில் அழைப்பதற்கென்றே எட்டாம் வேற்றுமை உண்டு. முருகன் விளியில் முருகா ஆகிறார். ஆனால் முப்பது வயது ஆசிரியர் ஐம்பது வயது மாணவரை "முருகா" என்றழைக்க முடியுமா? வெறுமனே "முருகன்" என்பதும் நம் செவிக்கு மொட்டையாகத்தான் ஒலிக்கும். இந்தச் சங்கடத்துக்கு அஞ்சியே பல ஆசிரியர்கள் பெயரைக் கைவிட்டு, எல்லாரையும் அம்மா, ஐயா, சார், மேடம் என்று பொதுவாக அழைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். மரியாதை அதில் இருக்கிறது, ஆனால் ஆள் அதில் இல்லை. பெயரையும் உறவுச்சொல்லையும் சேர்த்துச் சொல்வதே இதற்கு வழி. "முருகன் அண்ணே", "செல்வி அக்கா", "தனலட்சுமி அம்மா" என்பவை பெயரையும் காக்கின்றன, வயதையும் மதிக்கின்றன. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ வங்கி அலுவலரோ வகுப்பில் இருந்தால் பெயரோடு சார் சேர்ப்பதையே அவர்கள் விரும்புவார்கள். நம்மைவிட இளையவர்களுக்குப் பெயர் மட்டும் போதும், ஆனால் "வா, போ" வேண்டாம். பதினெட்டு வயதுக் கடைப் பையனுக்கும் "வாங்க" என்றே சொல்லுங்கள். அவர் வேலையிடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

உறவுச்சொல்லை நாமே ஊகிப்பதிலும் கவனம் தேவை. முப்பத்தைந்து வயதுப் பெண்ணை "அம்மா" என்றழைத்து வருந்த வைத்திருக்கிறேன். அதனால் இப்போது, "சங்கீதா என்று சொல்லட்டுமா, சங்கீதா மேடம் என்று சொல்லட்டுமா, அக்கா என்று சேர்க்கலாமா?" என்று நேராகவே கேட்டுவிடுகிறேன்.

நினைவில் நிறுத்தும் முறை

பெயர் ஏன் மறக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1987இல் வெளிவந்த ஓர் ஆங்கில ஆய்வில், முகப்படங்களோடு பெயரும் தொழிலும் சொல்லப்பட்டன. பேக்கர் என்ற ஒரே சொல், சிலருக்குப் படத்தில் இருப்பவரின் குடும்பப் பெயர் என்றும், வேறு சிலருக்கு அவர் தொழில் என்றும் சொல்லப்பட்டது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு ரொட்டி சுடுபவர் என்று பொருள். தொழில் என்று கேட்டவர்களே அதை நன்கு நினைவுகூர்ந்தார்கள். தொழில் என்றதும் அடுப்பும் மாவும் மணமும் மனத்தில் வருகின்றன. பெயரோ எதனோடும் ஒட்டாமல் தனியே நிற்கிறது. ஆகவே பெயரைத் தனியாகக் கேட்காமல், அதோடு ஒட்டிக்கொள்ள ஏதாவது ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள். "இந்த வகுப்பு முடிந்ததும் முதலில் என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பது நான் கேட்கும் கேள்வி. பண்ருட்டியில் முந்திரிக் கடை வைத்திருக்கும் கலியபெருமாள் அண்ணன் தம் கடைக் கணக்கைத் தாமே போடப் போகிறார் என்று தெரிந்தபின் அந்தப் பெயர் எங்கும் போகாது. இந்தப் பதில் பின்னர்ப் பாடத்துக்கும் உதவும். அவருக்கான எடுத்துக்காட்டுக் கணக்கில் முந்திரி மூட்டை வந்துவிடும்.

வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். தன் முறை வருவதற்குச் சற்று முன் பேசியவர் சொன்னதை மனிதர் நினைவில் கொள்வதில்லை என்பது 1973லேயே ஆய்வில் காட்டப்பட்டது. தான் என்ன சொல்வது என்ற பதற்றத்தில் காது அடைபட்டுவிடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கூட்டத்தின் முன் வாய் திறக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பதற்றம் இன்னும் அதிகம். அதற்குப் பதிலாக, முதல் நாள் வகுப்பு தொடங்குவதற்கு 15 நிமிடங்கள் முன்பே போய் வாசலில் நில்லுங்கள். மக்கள் மொத்தமாக வருவதில்லை. பேருந்து வரும்போது மூவர், வண்டியில் இருவர் என்று சிறு சிறு கூட்டமாகத்தான் வருவார்கள். மூன்று பெயர்களைக் கேட்டு, அவர்கள் உட்காருவதற்குள் மனத்துக்குள் ஒருமுறை சொல்லி, அடுத்த மூவர் வருவதற்குள் முன்னவர்களைத் தூரத்திலிருந்து பார்த்து மீண்டும் சொல்லிக்கொள்ள வேண்டும். 24 பேர் எட்டுக் கூட்டங்களாக வந்தால் வாசலிலேயே பாதிப் பெயர்கள் படிந்துவிடும்.

இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதுதான் இதன் உயிர். 1978இல் லாண்டவரும் பியோர்க்கும் பெயர்களை வைத்தே நடத்திய சோதனையில், கேட்ட பெயரை முதலில் உடனேயும், பிறகு சற்றுக் கழித்தும், பிறகு இன்னும் நீண்ட இடைவெளிக்குப் பின்பும் நினைவுகூர முயல்வது நல்ல பலனைத் தந்தது. வகுப்பில் இதைச் செய்வது எளிது: கேட்டவுடன் ஒருமுறை, ஐந்து நிமிடம் கழித்துப் பயிற்சித் தாளைக் கொடுக்கும்போது ஒருமுறை, தேநீர் இடைவேளையில் ஒருமுறை, விடைபெறும்போது ஒருமுறை. பட்டியலைப் பார்த்து வாசிப்பது நினைவுகூர்தல் ஆகாது. முகத்தைப் பார்த்து, பட்டியலை மூடி வைத்துக்கொண்டு, பெயரைத் தேடி எடுக்க வேண்டும். வராதபோது மட்டுமே திறந்து பார்க்கலாம்.

முதல் நாள் எல்லாரும் உட்கார்ந்தபின், ஒரு தாளில் இருக்கை வரைபடம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெயரையும் அழைக்கும் ஒட்டையும் அவர் சொன்ன ஒரு செய்தியையும் எழுதுங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் முதல் நாள் உட்கார்ந்த இடத்திலேயே மறுநாளும் உட்காருவார்கள். இந்தப் பழக்கம் நமக்கு உதவி. வீடு திரும்பும் பேருந்தில் அந்தத் தாளை எடுத்துக் கட்டங்களை மட்டும் நினைத்துப் பார்த்து முகங்களை வரவழைப்பேன். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அடையாளமாக உடல் குறைபாட்டையோ நிறத்தையோ பருமனையோ தாளில் எழுதாதீர்கள். தாள் ஒருநாள் மேசையில் கிடக்கும். அவர் கண்ணில் படும். ஒரே பெயரில் இருவர் இருந்தாலும் இதே விதிதான். இரண்டு குமார்கள் இருந்தால், வேறுபடுத்தும் சொல்லை அவர்களையே தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். நெல்லித்தோப்புக் குமார், முத்தியால்பேட்டைக் குமார் என்று ஊரைச் சேர்த்துக்கொள்வதையே பலர் தேர்வார்கள்.

பின்வரிசையிலிருந்து தொடங்குங்கள். இதை நான் எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும். தானாகக் கேள்வி கேட்பவர், முன்னால் உட்காருபவர், சிரித்துப் பேசுபவர் ஆகியோரின் பெயர்கள் முயற்சியே இல்லாமல் நமக்குத் தெரிந்துவிடும். மூன்றாம் நாள் ஏழு பேரின் பெயர் மட்டும் ஆசிரியருக்குத் தெரிந்து, அந்த ஏழு பேரை மட்டுமே அவர் அழைத்துக்கொண்டிருந்தால், மற்ற பதினேழு பேருக்கும் தாம் எண்ணிக்கையில் மட்டும் இருக்கிறோம் என்பது தெளிவாகப் புரிந்துவிடும். ஒருவர் பெயரும் தெரியாத வகுப்பைவிட இது தீங்கானது. எனவே அமைதியாக இருப்பவர்களின் பெயர்களை முதலில் மனத்தில் ஏற்றுங்கள்; பேசுபவர்களின் பெயர்கள் தாமே வந்து சேரும்.

பெயரைக் கற்றதும் அதைக் கேள்வி கேட்க மட்டும் பயன்படுத்துவது மற்றொரு பிழை. பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்லி அழைத்தாலே எழுந்து நிற்கவும் திட்டு வாங்கவும் பழகியவர்கள் பலர். அதனால்தான் சிலர் பள்ளியையே விட்டார்கள். முதல் இரண்டு நாள்களும் வரவேற்கவும், தாளைத் திருப்பிக் கொடுக்கவும், "இதை மணிமேகலை அக்கா நேற்றுக் கேட்டார்கள்" என்று அவர் கேள்விக்கு அவரையே உரியவராக்கவும் மட்டும் பெயரைச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் முதல் கேள்வி கேட்கலாம். அப்போதும் கேள்வியைச் சொல்லிவிட்டுத் திடீரென்று பெயரைச் சொல்வதைவிட, பெயரை முன்னே சொல்லி, "முருகன் அண்ணே, அடுத்த கணக்கை உங்களிடம் கேட்கப் போகிறேன், ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவகாசம் தருவதே பெரியவர்களுக்கு ஏற்றது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதற்கு நேர்மாறான முறையைப் பரிந்துரைப்பார்கள், எல்லாரும் யோசிக்கட்டும் என்பதற்காக. பெரியவர்கள் வகுப்பில் அச்சத்தை நீக்குவது அதைவிட முதன்மையானது என்பது என் அனுபவம்.

பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டால், "மன்னியுங்கள், சாந்தி அக்கா" என்று திருத்திச் சொல்லிவிட்டு, அடுத்த பத்து நிமிடங்களுக்குள் சரியான பெயரை ஒருமுறை பயன்படுத்துங்கள். நீண்ட விளக்கம் கொடுத்தால் அவர்தான் நமக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு நாள் வகுப்பும் பெயர் அட்டையும்

ஒரு நாள் இரண்டு நாள் பயிற்சியில் சார்ட் அட்டையைப் பாதி ஏ4 அளவில் வெட்டி, கூரைபோல மடித்து, தடித்த மார்க்கரால் பெயரை எழுதி மேசைமேல் நிறுத்தச் சொல்லுங்கள். இரு பக்கமும் எழுத வேண்டும். பின்னால் இருப்பவருக்கும் பெயர் தெரிந்தால் மாணவர்களே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குவார்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 185 பேர் படித்த ஓர் உயிரியல் வகுப்பில் இத்தகைய அட்டைகளைப் பயன்படுத்திப் பார்த்து, 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் உண்மையில் மனத்தில் வைத்திருந்த பெயர்கள் பாதியளவே. ஆனால் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான மாணவர்கள் தம் பெயர் ஆசிரியருக்குத் தெரியும் என்று கருதினார்கள். அட்டையைப் பார்த்து அழைத்தாலும் அழைத்ததாகவே மாணவர் கொள்கிறார் என்பதே இதில் நமக்கு உதவும் செய்தி. நாற்பது பேர் வகுப்பில் மனப்பாடத்துக்காகத் தவிக்க வேண்டாம்.

எழுத்தறிவு வகுப்பில் மட்டும் அட்டை எழுதுவதை அவசரப்படுத்தாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்க வகுப்புகள் நடந்தபோது, கைநாட்டு வைத்துவந்த பெண்கள் முதலில் கேட்டது தம் பெயரை எழுதக் கற்றுத் தரச் சொல்லித்தான் என்பதை அன்று தொண்டர்களாக இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். இப்போது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட வகுப்புகளிலும் அதே ஆவலைக் காணலாம். அங்கே பெயர் அட்டை என்பது பாடமேதான். முதல் நாள் நீங்கள் எழுதிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து அவர் எழுதிய அட்டையைப் பழைய அட்டையின் இடத்தில் வையுங்கள்.

இணையவழி வகுப்பில் திரையில் தோன்றும் பெயரை நம்ப வேண்டாம்; அது பெரும்பாலும் மகன் அல்லது மகளின் கைபேசியில் உள்ள பெயர். முதல் ஐந்து நிமிடங்களில் அதை மாற்றும் வழியைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

சான்றிதழும் அதற்குப் பின்னும்

வகுப்பில் எப்படி அழைத்தாலும், சான்றிதழில் வேறு பெயரே வர வேண்டும். கடனுக்கோ வேலைக்கோ அதைக் காட்டும்போது ஆதாரில் உள்ள எழுத்துக்கூட்டலோடும் இனிஷியலோடும் பொருந்தவில்லை என்றால் அதை ஏற்க மறுப்பார்கள். ஒருமுறை நான் "திருத்தம்" என்று நினைத்து, பிரெஞ்சு முறையில் இருந்த மூன்று பெயர்களை வழக்கமான ஆங்கில எழுத்துக்கு மாற்றி அச்சிடக் கொடுத்துவிட்டேன். மூவரும் அரை நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடியும் வந்து மாற்றி வாங்கிச் செல்ல வேண்டியதாயிற்று. இப்போது முடிவதற்கு மூன்று நாள் முன்பே அச்சிடவிருக்கும் பட்டியலை வகுப்பில் சுற்றுக்கு விட்டு, ஒவ்வொருவரும் ஆதாரோடு ஒப்பிட்டுத் தம் பெயருக்கு நேரே கையெழுத்திடச் செய்கிறேன். சான்றிதழை வழங்கும்போது தாளில் உள்ள பெயரை ஒருமுறையும், பன்னிரண்டு நாளும் அழைத்த பெயரை ஒருமுறையும் சொல்லிக் கொடுக்கிறேன்.

வகுப்பு முடிந்தபின் பெயர்கள் மறந்துபோகும். அடுத்த 24 பேர் வந்து அவர்கள் இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையிலோ திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்திலோ பழைய மாணவர் ஒருவர் ஓடி வந்து கையைப் பிடிக்கும்போது பெயர் நினைவுக்கு வரவில்லை என்றால், தெரிந்ததுபோல் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். "முகமும் உங்கள் முந்திரிக் கடையும் நினைவிருக்கின்றன, பெயரை மட்டும் ஒருமுறை சொல்லுங்கள் அண்ணே" என்று கேட்டுவிடுங்கள். அவர் சொன்னதும் அந்தப் பெயரைச் சொல்லியே பேச்சைத் தொடருங்கள்.